துரை காத்திருக்கிறார்

எட்டிப்பாறை அணையில் ஏழு ஷட்டர்கள். ஏழையும் தூக்கி இறக்கும் அதிகாரத்தை மூன்று வருஷத்துக்கு முன்னால் மனிதர்களிடமிருந்து பறித்து ஓர் இயந்திரத்திடம் கொடுத்தார்கள். கொடுத்த அன்று பந்தல், தவில், நாற்பத்திரண்டு பொன்னாடை. மேடையேறியவர்கள் ஒவ்வொருவரும் 'மனிதத் தவறு' என்ற சொல்லை மிட்டாய் மாதிரி வாயில் போட்டுச் சப்பினார்கள். அந்தத் தவறு இனிமேல் நடக்காது என்பதற்கு அடையாளமாக, ஷட்டரைக் கையால் சுற்றித் தூக்கும் இரும்புக் கைப்பிடியைக் கழற்றினார்கள். எண்ணெயைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த மண்டலத் தலைமை அலுவலகத்தின் முகப்பில் காட்சிப்பொருளாக்கினார்கள். மாண்புமிகு அமைச்சர் தன் கையாலேயே பெட்டியைப் பூட்டினார். சாவியை ஞாபகமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இயந்திரத்துக்கு 'நீராணை' என்று பெயர். அதற்கு விரிவான பெயர் ஒன்றும் உண்டு. கருத்தரங்குகளில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். அணையில் வேலை பார்த்தவர்கள் அதைத் துரை என்றார்கள்.

"துரை என்ன சொல்லுதாரு?"

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கட்டுப்பாட்டு அறைக்குள் சொட்டச் சொட்ட நுழைந்த உலகம்மை கேட்ட முதல் கேள்வி இது. ஐம்பத்து நாலு வயது, அணையின் உதவிப் பொறியாளர், இருபத்தேழு வருஷமாக இதே அணை. இடமாற்றம் கேட்டு இருபது தடவை எழுதிப் பார்த்தாள். பதில் வரவில்லை. பிறகு அணையும் அவளும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டார்கள்.

"நிலைமை கண்காணிக்கப்படுகிறதாம்மா. நேத்தும் அதேதான், முந்தாநேத்தும் அதேதான்" என்றான் இசக்கியப்பன். லஸ்கர். மதகைப் பார்த்துக்கொள்வதும் கரையில் நடந்து விரிசல் பார்ப்பதும் அவன் வேலை. துரை வந்த பிறகு துரையைத் துடைப்பதும் அவன் வேலை.

"மட்டம்?"

"நூத்திப் பதினாலரை. மணிக்கு ஒரு அடி ஏறுது."

முழுக்கொள்ளளவு நூற்றுப் பதினெட்டு. உலகம்மைக்குக் கணக்குப் போடக் காகிதம் தேவைப்படவில்லை. இப்போது இரண்டு ஷட்டரைத் தூக்கினால் நாணலாறு கரைக்குள் அடங்கி ஓடும். பன்னிரண்டு மணிக்கு என்றால் ஐந்தைத் தூக்க வேண்டிவரும். அதற்கும் பிந்தினால் ஏழும். ஏழையும் தூக்கினால் கீழே அலக்குத்துறையில் நானூறு வீடும் ஆற்றோடு போகும். ஆற்றங்கரைத் தாழ்வில் ஒட்டிக்கொண்டிருக்கும் தெருக்கள் அவை. ஐந்தாம் தெருவில் இசக்கியப்பன் வீடு.

அவள் செயற்பொறியாளர் ஜெபராஜைக் கூப்பிட்டாள்.

"உலகம்மை, ஞாயித்துக்கிழம மாண்புமிகு வந்து மலர்தூவித் தண்ணி திறக்காங்க. பேனர் எல்லாம் அடிச்சாச்சு. அதுவரைக்கும் தாங்காதா?"

"அணைகிட்ட கேட்டுச் சொல்லுதேன் சார்."

"கிண்டல் வேண்டாம். நீராணை திறக்கச் சொல்லுதா?"

"இல்ல சார்."

"பொறவு நீங்க யாரு சொல்லுததுக்கு?" போன் வைக்கப்பட்டது.

ஆட்சியர் அலுவலகத்தில் இன்னும் மரியாதையாகப் பேசினார்கள். வெள்ள எச்சரிக்கைச் செயலியில் அலக்குத்துறை பச்சையாக இருக்கிறது, பச்சையாக இருக்கும் இடத்தில் பீதி கிளப்புவது சட்டப்படி குற்றம் என்று, வழக்குப் பிரிவு எண்ணோடு சொன்னார்கள்.

இசக்கியப்பன் மூலையில் நின்று போனில் பெண்டாட்டி பூரணத்தோடு கத்திக்கொண்டிருந்தான். "ஏட்டி, பச்சையாவது மஞ்சளாவது! ஆட்டை அவுத்துட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போ!"

ஒலிபெருக்கியில் பூரணத்தின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "நான் போயிருவேன். இந்தக் கீழ்த்தெருச் சங்கரவடிவு வரமாட்டேங்கா. மாமியாக்காரி படுத்த படுக்கைலா. செல்லுல பச்சை காட்டுது, பொறவு எதுக்குக் கட்டிலத் தூக்கணும்னு கேக்கா. கெவர்மெண்டு பொய் சொல்லுமா, ஒம் புருசன் பொய் சொல்லுவானாங்கா."

"நாந்தான் சொல்லுதேன்னு சொல்லு!"

"சொன்னேனே. அதுக்குத்தான் அப்படிக் கேக்கா."

செயலி எப்போது சிவப்பாகும் என்று உலகம்மைக்குத் தெரியும். ஷட்டரைத் திறப்பதென்று துரை முடிவெடுத்தால்தான் கீழே எச்சரிக்கை போகும். முடிவெடுக்காதவரை எல்லாம் பச்சை.

இதற்குள் மணி பத்தரை தாண்டியிருந்தது. அவள் குடையை எடுத்துக்கொண்டு அணையின் பயணியர் விடுதிக்கு நடந்தாள். அங்கே டாக்டர் நிரஞ்சன் சபேசன் ஞாயிற்றுக்கிழமை விழாவில் பேச வேண்டிய உரையைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். நீராணையைச் செய்த குழுவின் தலைவர். நாற்பது வயதுக்குள் பதினோரு விருது. பன்னிரண்டாவதை ஞாயிற்றுக்கிழமை கொடுப்பதாக இருந்தார்கள்.

"சார், உங்க மிஷின் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கு?"

"மிஷின்னு சொல்லாதீங்க மேடம். அது ஒரு முடிவாண்மை அமைப்பு."

"சரி, அந்த அமைப்பு எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கு?"

சபேசன் மடிக்கணினியைத் திறந்தார். 'நிபந்தனைகள்: ஏழில் ஒன்று நிறைவு' என்று வந்தது.

"பாருங்க, ஏழு நிபந்தனை சேர்ந்தா திறக்கும். இப்ப ஒண்ணுதான் சேர்ந்திருக்கு. அதை மீறி நாம திறக்க முடியாது. கடவுச்சொல் சென்னையில மூணு பேர் கையில இருக்கு, மூணு பேரும் ஒரே நேரத்துல போடணும். அதுதான் பாதுகாப்பு."

"யாருக்கு?"

சபேசன் அதைக் காதில் வாங்கவில்லை.

"இந்த ஏழு நிபந்தனைய எழுதினது யாரு?"

"யாரும் எழுதலை. அதுதான் இதோட அழகே." அவர் குரலில் மேடை ஏறியது. "முப்பத்தோரு வருஷத்துப் பதிவேடு, கேமராப் பதிவு, சோதனைச்சாவடிக் கணக்கு எல்லாத்தையும் கொடுத்தோம். ஷட்டர் திறக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன நடந்திருக்குன்னு தானாவே படிச்சுக் கத்துக்கிட்டது. எப்பத் திறப்பாங்கன்னு தொண்ணூத்தேழு சதவீதம் துல்லியமா சொல்லும். உலகத்துலயே இதுதான் முதல்."

"எப்பத் திறப்பாங்கன்னு சொல்லுமா, எப்பத் திறக்கணும்னு சொல்லுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்? உங்க துறை தப்பாவா திறந்திருக்கும்?"

உலகம்மை அவரையே பார்த்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதம் இதே நாணலாறு பதினோரு பேரை அடித்துக்கொண்டு போனது. அப்போது சபேசன் கல்லூரியில் இருந்திருப்பார்.

"அந்த ஏழு என்னென்னன்னு காட்டுங்க."

"அதுக்குப் பேரெல்லாம் கிடையாது. ஒவ்வொண்ணுக்கும் அது எந்தக் காட்சியைப் பார்த்துக் கத்துக்கிச்சுன்னு வேணா காட்டலாம்."

முதலாவது நீர்மட்டம். ஏழில் அதற்குத்தான் மதிப்பு ஆகக் குறைவு. இரண்டாவது நிபந்தனைக்குத் திரையில் கார்கள் ஓடின. சைரன் வைத்த வண்டி முன்னால், ஐந்து கார் பின்னால். மூன்றாவதில் வெள்ளை வேட்டிகள். ஒன்பது அமைச்சர்கள், ஒன்பது கரை. நாலாவதில் தாம்பாளத்தில் பூ. ஐந்தாவதில் குடை. சபேசன் நெற்றியைச் சுருக்கினார். "குடை எதுக்கு?"

"உத்துப் பாருங்க. குடைக்குக் கீழ நிக்கறவர் கையில குடை இல்ல. இன்னொருத்தர் பிடிக்காரு."

ஆறாவதில் இடுப்பு வரை வளைந்து கைகட்டி நின்ற ஒரு கூட்டம். அதில் இளைத்த உருவமாகத் தானும் நிற்பதை உலகம்மை பார்த்தாள். ஏழாவதற்குக் காட்சி எதுவும் இல்லை, ஒரு கடிகாரம் மட்டும் ஓடியது. இரண்டு பேருக்கும் அது விளங்கவில்லை.

சபேசன் உட்கார்ந்துவிட்டார். "இது வந்து... தரவுல இருந்த ஒரு சின்னச் சாய்வு. அடுத்த பதிப்புல சரி பண்ணிடலாம்."

"சாய்வா? முப்பத்தோரு வருஷமா இந்த அணையில அமைச்சர் பூப்போடாம முதல் ஷட்டர் திறந்ததே இல்ல சார். தண்ணி கழுத்துக்கு வந்தாலும் மாலை கழுத்துக்கு வந்த பொறவுதான். உங்க துரை ஒண்ணும் தப்பாப் படிக்கல. எங்களக் கரைச்சுக் குடிச்சிருக்காரு." அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து சபேசன் ஓரடி பின்வாங்கினார். "எந்திரிங்க. துரைக்கு ஒரு அமைச்சர் வேணும். குடுத்திருவோம்."

ஐந்து காருக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அணைக்கு மேலே முருகன் கோயில் மண்டபத்தில் ஒரு கல்யாண வீட்டார் மழையில் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார்கள். கார் இருந்தது, தாம்பாளம் நிறையப் பூ இருந்தது, கும்பிட்டே பழகிய ஐம்பது பேரும் இருந்தார்கள். சைரனுக்கு ஆம்புலன்ஸ். ஞாயிற்றுக்கிழமை மாண்புமிகுக்கு மூச்சு முட்டினால் உதவ, இரண்டு நாள் முன்னதாகவே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அலக்குத்துறையில் எத்தனை பேருக்கு மூச்சு முட்டினாலும் அது இடத்தை விட்டு நகராது என்று எழுத்துப்பூர்வமான உத்தரவு வேறு.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பட்டுக்கரை வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத் துண்டோடு நின்றார். "எங்க பெரியம்மா மவ அங்கதான் அலக்குத்துறைல இருக்கா. எங்க வேணாலும் கும்பிடுதோம்மா, சொல்லுங்க" என்றார்.

யார் அமைச்சர் என்பதில் மட்டும் சிக்கல் வந்தது. சபேசனுக்கு அங்கவஸ்திரம் பொருந்தும் என்று அவரே நினைத்திருக்கக் கூடும். உலகம்மை இசக்கியப்பனைப் பிடித்து இழுத்தாள்.

"நானாம்மா? மூஞ்சி காட்டிக் கொடுத்திராதா?"

"ஒன்பது அமைச்சர் பாத்திருக்கு. ஒருத்தர் மூஞ்சியும் இன்னொருத்தர் மூஞ்சியும் ஒண்ணா? அதுக்கு மூஞ்சி தெரியாது இசக்கி. தோரணைதான் தெரியும்."

பதினொரு மணிக்குச் சைரன் அலறியது. ஐந்து காரும் பீய்ச்சியடித்துக்கொண்டு அணைமேல் ஏறின. இசக்கியப்பன் இறங்கினான். இருபத்தெட்டு வருஷப் பழக்கம். அணைமேல் கால் வைத்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். தன் குடையைத் தானே விரித்தான். உலகம்மையைப் பார்த்துத் தலை குனிந்து, "வாங்கம்மா" என்றான்.

'ஏழில் நான்கு நிறைவு' என்றது திரை.

"எய்யா இசக்கி! செருப்பப் போடுவே! குடையக் கீழ போடு! என்னைப் பாக்காத, எனக்கு மேல வானத்தப் பாரு. நான் ஒருத்தி இங்க நிக்கதே ஒனக்குத் தெரியக் கூடாது!"

"அது எப்படிம்மா முடியும்?"

"சங்கரவடிவ நினைச்சுக்கோ. அந்தக் கட்டிலத் தூக்க ஆளில்ல. இப்பப் பாரு வானத்த."

இசக்கியப்பன் முகம் மாறியது. முதுகு நிமிர்ந்தது. குடை கீழே விழுந்தது. அதை யார் எடுத்துப் பிடிப்பது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கல்யாணக் கூட்டம் மொத்தமும் ஆறாவது நிபந்தனைக்காக வளைந்து நின்றது. வளையாமல் நின்றவர் ஒருவர்தான்.

"டாக்டர் சார்" என்றாள் உலகம்மை.

பதினோரு விருது வாங்கிய கை லஸ்கரின் தலைக்கு மேல் குடை பிடித்தது. கை எட்டாமல் நுனிக்காலில் நிற்க வேண்டியிருந்தது. உலகம்மை இடுப்பு வளைத்து, கைகட்டி, இசக்கியப்பனுக்கு முன்னால் நின்றாள். இத்தனை வருஷத்தில் மனசு ஒப்பி அவள் வளைந்தது அந்த ஒரு தடவைதான்.

'ஏழில் ஆறு நிறைவு.'

பூவை அள்ளிய கையோடு இசக்கியப்பன் நின்றான். ஷட்டர் அசையவில்லை. ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம். மழை அவன் விரலிடுக்கு வழியாக இதழ்களைக் கரைத்துக்கொண்டிருந்தது.

"ஏழாவது என்னன்னு தெரியலியே" என்று முனகினார் சபேசன். "அந்தக் கடிகாரம்... மேடம், இதுக்கு அர்த்தமே இல்லை. வாரத்துக்கு ஏழு நாள், ஏழு வேற வேற நேரம். ஒவ்வொண்ணும் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்துல மட்டும் திறந்ததே இல்லை."

வானத்தைப் பார்த்தபடியே இசக்கியப்பன் கேட்டான். "இன்னைக்கு வெள்ளியா சார்? பத்தரையிலிருந்து பன்னெண்டா?"

"ஆமா! எப்படித் தெரியும்?"

"ராகு காலம்லா."

மணி பதினொன்று இருபது. துரையின் கடிகாரம் செயற்கைக்கோளோடு கட்டப்பட்டது, திருப்ப முடியாது. நிபந்தனை கலைந்துவிடாமலிருக்க அத்தனை பேரும் அதே இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். நின்றார்கள். அமைச்சர் வானத்தைப் பார்த்தபடி, விஞ்ஞானி நுனிக்காலில், ஜனங்கள் வளைந்து, கேமராவுக்கு முன்னால் நாற்பது நிமிஷம். மணமகள் பக்கத்துக் கிழவர் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் நிமிரவில்லை. வளைந்தபடியே தண்ணீரைத் திட்டினார், அமைச்சரைத் திட்டினார், இயந்திரத்தைப் பெற்றவளைத் திட்டினார். சபேசன் இதற்கு மட்டும் எதிர்ப்புச் சொல்லவில்லை. அணைச்சுவரில் ஒவ்வொரு கோடாகத் தண்ணீர் தின்றுகொண்டு வந்தது. நூற்றுப் பதினாறே முக்கால். நூற்றுப் பதினேழு. இசக்கியப்பனின் இடுப்பில் சொருகியிருந்த போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. எடுக்க முடியாது. அமைச்சர்கள் தங்கள் போனைத் தாங்களே எடுத்ததாகப் பதிவில்லை.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, ஒரு வினாடி முன்னுமில்லை பின்னுமில்லை, துரை ஷட்டர்களைத் தூக்கினார். ஐந்து.

இசக்கியப்பன் கையில் மிச்சமிருந்த பூவை விட்டெறிந்துவிட்டு, செருப்பை உதறி, பட்டுக்கரை வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினான்.

அலக்குத்துறையின் செயலி பன்னிரண்டு பத்துக்குச் சிவப்பானது. பன்னிரண்டரைக்குத் தண்ணீர் வந்தது. கீழ்த்தெருவில் முப்பத்தேழு வீடு போனது. மற்றவை நின்றன. பூரணம் கத்தித் தீர்த்ததால் முக்கால்வாசிப் பேர் முன்பே மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். சங்கரவடிவு கட்டிலை ஒற்றையாளாக வாசல்வரை இழுத்திருந்தாள். அவளையும் மாமியாரையும் மறுநாள் ஒரே வேலிக் கருவைப் புதரில் எடுத்தார்கள். சங்கரவடிவின் செல்போன் அவள் இடுப்பில்தான் இருந்தது.

மூன்று மணிக்கு மாண்புமிகு அவசரமாக வந்து சேர்ந்தார். படம் எடுக்க வேண்டும் என்பதற்காக அவர் பூப்போடும்போது திறக்கும்படி இரண்டு ஷட்டரை இறக்கி மறுபடி தூக்கினார்கள். அதற்கு மட்டும் சென்னையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கடவுச்சொல் போட்டார்கள். மறுநாள் பத்திரிகைகளில் 'அமைச்சரின் சமயோசிதத்தால் தப்பியது அலக்குத்துறை' என்று வந்தது. கீழே சேத விவரம்: வீடுகள் 37, ஆடுகள் 14, பெண்கள் 2.

உலகம்மைக்குக் குற்றக் குறிப்பாணை பத்தே நாளில் வந்தது. துறையில் வேறெந்தக் காகிதமும் அந்த வேகத்தில் நகர்ந்ததில்லை. குற்றம் ஒன்று, மாண்புமிகு போல ஆள்மாறாட்டம் செய்யத் தூண்டியது. குற்றம் இரண்டு, நீராணையை ஏமாற்றி அதன் துல்லியத்தைத் தொண்ணூற்றேழிலிருந்து தொண்ணூற்றாறாகக் குறைத்தது.

விசாரணை நாளன்று மண்டலத் தலைமை அலுவலக முகப்பில், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில் அவளும் இசக்கியப்பனும் உட்கார்ந்திருந்தார்கள். இசக்கியப்பனுக்கும் குறிப்பாணை உண்டு. அவள் மடியில் நாலு பக்கப் பதில் இருந்தது. இயந்திரம் அறியாமையால் காத்திருந்தது, அறிந்தவள் நான் செயல்பட்டேன் என்று ஒவ்வொரு வரியையும் இழைத்து எழுதியிருந்தாள்.

சபேசன் வந்தார். கோட்டு இல்லை. ஒரு காகிதக் கட்டை அவளிடம் நீட்டினார்.

"துரையோட உள்பதிவு மேடம். திரையில காட்டாது. நானே இப்பத்தான் தோண்டி எடுத்தேன். அது அறியாம காத்திருக்கலை."

உலகம்மை படித்தாள். 'செவ்வாய், காலை 9.10. அணை வெள்ளி நண்பகலில் நிறையும். இரண்டு ஷட்டர் உடனே திறக்க வேண்டும். அலக்குத்துறையில் உயிருக்கு ஆபத்து. உத்தரவுக்குக் காத்திருக்கிறேன்.' அதற்குக் கீழே, 'செவ்வாய், காலை 10.10. திறக்க வேண்டும். உத்தரவுக்குக் காத்திருக்கிறேன்.' மணிக்கு ஒன்றாக, செவ்வாய் முழுக்க, புதன் முழுக்க, வியாழன் முழுக்க, வெள்ளி நண்பகல் வரை. எழுபதுக்கு மேல்.

"எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் பச்சை காட்டியிருக்கு" என்றார் சபேசன். "தெரிஞ்சா என்ன செய்யணும்ங்கறதையும் அது எங்கேயோ கத்துக்கிட்டிருக்கு. எதுலேருந்துன்னு கடைசிப் பக்கத்துல இருக்கு. நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய பதிவேட்டின் ஒரு பக்கம் நகலெடுக்கப்பட்டிருந்தது. நீல மை, சாய்ந்த எழுத்து. 'நீர்மட்டம் 116. திறக்க வேண்டும். உத்தரவுக்குக் காத்திருக்கிறேன்.' மணிக்கு ஒன்றாக மூன்று நாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உ' என்ற சுருக்கொப்பம். கைப்பிடி அப்போது கண்ணாடிப் பெட்டியில் இல்லை. அவள் மேசையிலிருந்து பத்தடியில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இசக்கியப்பன் எட்டிப் பார்த்தான். எழுத்தை அடையாளம் கண்டுகொண்டான். தரையைப் பார்த்தான்.

உள்ளேயிருந்து ஜெபராஜ் குரல் கொடுத்தார். "உலகம்மை, கமிட்டி கூப்பிடுது. பதில் கொண்டாந்தீயளா?"

அவள் நாலு பக்கத்தையும் இரண்டாகக் கிழித்தாள். துரையின் காகிதக் கட்டை எடுத்து அதன் முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதினாள். 'ஆள்மாறாட்டம்: நான்தான். இரண்டு தடவையும் காத்திருந்தது: அதுவும் நான்தான்.' சுருக்கொப்பம் போடவில்லை, முழுப்பெயர் எழுதினாள். கட்டை சபேசன் கையில் கொடுத்தாள்.

"நீங்க கொண்டு போய்க் குடுங்க. சத்தமா வாசிங்க, கடைசிப் பக்கம் வரைக்கும்."

பிறகு எழுந்து கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்தாள்.

"இசக்கி, இதுக்குச் சாவி யாருட்ட இருக்கு?"

"மாண்புமிகுட்டலா. அன்னைக்குப் பையில போட்டுட்டுப் போனாவளே. உத்தரவு வாங்கித்தான்..."

"மறுபடியும் உத்தரவா?" என்றாள் உலகம்மை. "வாசல்ல பூந்தொட்டிக்கு அண்டக் கொடுத்து ஒரு கருங்கல்லு கெடக்கு. எடுத்துட்டு வா."